குரங்குக் கீறலுக்கு மஞ்சள் மருந்தல்ல

ஓகஸ்ட் மாதம் என் கிளினிக்கில் லண்டன், டொரொண்டோ, பாரிஸ் பிள்ளைகள் நிறைய. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் நடுவில் ஒரு வான் பிடித்து சிகிரியா, தம்புள்ளை, பொலன்னறுவை என்று சுற்றிவிட்டு வருகிறார்கள். நல்ல விஷயம்தான். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரம் பொலன்னறுவையில் நிற்கிறது, அதை நம் பிள்ளைகள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? ஆனால் அந்தப் பயணத்தில் குரங்கிடம் கீறல் வாங்கி வருபவர்களுக்கு ஒரே விஷயத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

போன கிழமை ஒரு சின்னப் பிள்ளை இருமலுக்கு மருந்தெடுக்க வந்தது. நெஞ்சைச் சோதிக்கச் சட்டையைத் தூக்கினால் முன்னங்கையில் இரண்டு சிவப்புக் கோடு, அதன்மேல் காய்ந்துபோன மஞ்சள். "அது ஒண்டுமில்லை டொக்டர், குரங்கு பிஸ்கட்டைப் பறிக்கேக்க நகம் பட்டது. அம்மம்மா மஞ்சள் பூசிவிட்டவ" என்றார் தாய். நடந்து நாலு நாள். ஊசி போட்டீர்களா என்று கேட்டேன். "நாய் இல்லையே டொக்டர், குரங்குதானே."

குரங்குதானே! விசர்நாய்க்கடி நோய் இலங்கையில் பெரும்பாலும் நாயால்தான் பரவுகிறது, சரி. ஆனால் அது நாய்க்கு மட்டும் வரும் நோயல்ல. பூனை, கீரி, மாடு, குரங்கு என்று பாலூட்டும் மிருகம் எதற்கும் வரலாம். கிருமி எச்சிலில் இருக்கிறது. கையை நக்கிய குரங்கு அதே கையால் கீறுகிறது. 'கடிக்கவில்லை, கீறல்தான்' என்பதில் ஆறுதல் ஒன்றுமில்லை. இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் ஏற்ற வேண்டும். முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கடந்தால் அந்த மருந்தை ஏற்றிப் பயனில்லை.

"பத்து நாள் பாப்பம்" என்பார்கள் சிலர். கடித்த மிருகம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும்தான். அதோடு, எந்தக் குரங்கைப் பார்ப்பதாக உத்தேசம்? சிகிரியாப் படிக்கட்டில் நின்ற கூட்டத்தில் உங்கள் பிள்ளையைக் கீறியது எதுவென்று அடையாளம் காட்ட முடியுமா?

"பிள்ளை நல்லா ஓடித்திரியுது" என்பது அடுத்தது. ஓடித்தான் திரியும். இந்த நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அறிகுறி தொடங்கிவிட்டால் எங்கள் கையில் மருந்தில்லை. ஆகவே லண்டன் போய்ப் போடலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டாயிற்று என்றும் சொல்லாதீர்கள், அது வேறு நோய்க்கு. மாதத்தில் ஒருவராவது என்னிடம் இரண்டையும் குழப்புகிறார்.

கீறியவுடன் செய்ய வேண்டியது கழுவுவது. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், 15 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். அரை நிமிடத்தில் துடைத்துவிட்டு "கழுவினாங்கள்" என்று வருபவர்கள்தான் அதிகம். மஞ்சள், தேசிக்காய், கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். பிறகு பக்கத்தில் இருக்கும் பெரிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். தம்புள்ளையிலும் பொலன்னறுவையிலும் வைத்தியசாலை இருக்கிறது. எனக்குக் காட்டவென்று யாழ்ப்பாணம் வரை வர வேண்டியதில்லை.

குரங்கு தேடுவது உங்கள் பையில் இருப்பதை. பிஸ்கட், வாழைப்பழம், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் வானுக்குள் பூட்டிவிட்டு இறங்குங்கள். செல்பிக்காகக் கிட்டப் போய்ப் பல்லைக் காட்டாதீர்கள், குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு. பறித்தால் விட்டுவிடச் சொல்லிப் பிள்ளைக்கு முன்பே பழக்குங்கள். கூட இழுக்கும்போதுதான் நகம் படுகிறது. இன்னொன்று, தயவுசெய்து: குரங்கு தொட்டதென்று பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து நீளக்கைச் சட்டைக்குள் மறைத்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

மற்றவை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். சிகிரியாவில் ஏறத்தாழ 1,200 படி, வாசல் திறந்தவுடனே ஏறுங்கள். தண்ணீரோடு ஜீவனியும் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) இருக்கட்டும். குளவி இருக்கிறது, சத்தம் போடாதீர்கள் என்ற பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பொலன்னறுவையில் வட்டதாகே என்ற வட்டமான பழைய பௌத்தக் கோயிலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், உச்சி வெயிலில் அந்தக் கல் பிள்ளையின் உள்ளங்காலைக் கொப்பளிக்க வைக்கும். காலுறை போட்டுவிடுங்கள்.

அடுத்த வருடம் வர நினைப்பவர்கள் அங்குள்ள உங்கள் டொக்டரிடம் முற்கூட்டிப் போடும் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கீறல் பட்டால் மேலும் ஊசி வேண்டும், ஆனால் குறைவு. காயத்தில் ஏற்றும் மருந்தும் தேவைப்படாது. இங்கே ஊசி தொடங்கியவர்கள் அட்டையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமானம் ஏறும் நாள் வந்துவிட்டதென்று மிச்ச ஊசியை விடாமல், அடுத்த திகதியில் அங்கேயே போட்டு முடியுங்கள்.