பெயர் கேட்கவில்லைதான், ஆனால் ஆள் தெரிகிறதே!

ஊழியர் சர்வே ரிப்போர்ட் கொடுத்த ஒன்றிரண்டு நாளில் ஒரு போன் வரும். "மேடம், மெயின்டனன்ஸ்ல ஒரு லேடி ரொம்பக் காட்டமா எழுதியிருக்காங்களே, அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியுது. எதுக்கும் உங்ககிட்ட ஒரு தடவை கன்ஃபர்ம் பண்ணிக்கலாம்னு..." இது போன மாதம் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலை. சர்வேயை அவர்களே கூகுள் ஃபார்மில் நடத்தினார்கள். அலசிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. மூல எக்ஸெல் அவர்கள் கையிலேயே இருந்தது. யாரோ பில்டர் போட்டு, பாலினம், பிரிவு என்று வடிகட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

நான் எதையும் கன்ஃபர்ம் செய்யவில்லை. ஆனால் இப்படி ஒரு போன் வருவது இது முதல் தடவை இல்லை. இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

"பெயர் கேட்கல, எம்ப்ளாயி நம்பர் கேட்கல, அப்புறம் எப்படி மேடம் தெரியும்?" என்று நிஜமாகவே நம்பிக் கேட்கும் எச்.ஆர். அதிகாரிகள் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு யூனிட்டில் 240 பேர். அதில் பெண்கள் 31. அதில் மெயின்டனன்ஸ் 3. அதில் வயது 40-க்கு மேல் 1. மூன்றே மூன்று பில்டர்கள். பெயர் என்ற பத்தி ஃபைலில் இல்லை, அவ்வளவுதான். அந்த ஷெட்டில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் நிரப்பிவிடுவார்கள்.

இதைப் புதிதாக நான் கண்டுபிடிக்கவில்லை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, இந்த மூன்றை மட்டும் வைத்து அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அமெரிக்கத் தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லட்டான்யா ஸ்வீனி 1990 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக் காட்டினார். ஒரு நாட்டுக்கே அந்தக் கதி என்றால் 240 பேர் உள்ள யூனிட் எந்த மூலைக்கு? நம் ஊர் சட்டமும் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், எந்தத் தரவால் ஒருவரை அடையாளம் காண முடிகிறதோ அது தனிநபர் தரவுதான்.

சரி, சிறிய குழுவின் மதிப்பெண்ணை மறைத்துவிட்டோமே என்பார்கள். அதுவும் போதாது. தர ஆய்வுப் பிரிவில் 11 பேர், மொத்த சராசரி 5-க்கு 3.64. ஆண்கள் 10 பேரின் சராசரி 3.8. பெண் ஒருவர்தான், அந்தக் கட்டத்தில் கோடு போட்டு மறைத்தாயிற்று. இப்போது 11-ஐ 3.64-ஆல் பெருக்கினால் 40. ஆண்கள் பங்கு 38. மிச்சம் 2. அந்த அம்மா 5-க்கு 2 போட்டிருக்கிறார். பத்தாம் வகுப்புக் கணக்கு கூட வேண்டாம். ஒரு கட்டத்தை மறைத்தால் அதோடு கழித்துப் பார்க்கக்கூடிய இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.

கூகுள் ஃபார்மில் இன்னொன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பதிலும் எத்தனை மணிக்கு வந்தது என்ற நேரப் பதிவு முதல் பத்தியிலேயே உட்கார்ந்திருக்கும். லைனில் ஒரே டேப்லெட்டை வைத்து வரிசையாக ஆள் அனுப்பினால், வரிசைதான் வருகைப் பதிவேடு. அந்தப் பத்தியை முதலில் அழியுங்கள்.

ஆள் பிடிப்பது ஒரு பக்கம். இல்லாத வித்தியாசத்தைப் பிடிப்பது இன்னொரு பக்கம். "போன வருஷத்தைவிடப் பெண்களின் திருப்தி 12 புள்ளி சரிந்துவிட்டது" என்று ஒரு மேனேஜர் பவர்பாயிண்டில் சிவப்பு அம்பு போட்டு வருவார். எத்தனை பெண்கள் என்று கேட்டால் எட்டு. எட்டுப் பேரில் ஒருவர் மனம் மாறினாலே 12.5 புள்ளி. அன்று காலை பஸ் கிடைக்காமல் வந்தவராகக்கூட இருக்கலாம். அதேபோல 40 கேள்வி, 12 பிரிவு என்று வெட்டினால் 480 ஒப்பீடுகள். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும், நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் வழக்கமான 5 சதவீத வரம்பில், சராசரியாக இருபத்து நாலு இடத்தில் ஏதோ "தெரியும்". அந்த இருபத்து நாலில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சூப்பர்வைசரை மாற்றிய கதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் 100 பேர், ஆபீசில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். லைனில் 80 பெண்கள், 20 ஆண்கள். திருப்தி இருவருக்குமே 40 சதவீதம். ஆபீசில் 20 பெண்கள், 80 ஆண்கள். அங்கே இருவருக்குமே 70 சதவீதம். எந்த இடத்திலும் ஆண், பெண் வித்தியாசம் இல்லை. மொத்தமாகக் கூட்டினால் பெண்கள் 46, ஆண்கள் 64. உடனே மகளிர் தினத்துக்கு ஒரு யோகா வகுப்பு ஏற்பாடாகும்! பிரச்சினை லைனில்: டார்கெட், பாத்ரூம் போக அனுமதி, ஷிப்ட் பஸ். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1973-இல் இதே குழப்பம் நடந்தது. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான சாய்வு பெரும்பாலும் காணாமல் போனது. இடம் கிடைப்பதே கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள்.

ஆனால் "பாத்தீங்களா, எங்க கம்பெனில பாகுபாடே இல்ல" என்று உடனே எழுந்து போய்விடாதீர்கள். பெண்களில் பெரும்பகுதி ஏன் லைனிலேயே இருக்கிறார்கள், ஆபீசுக்கு ஏன் இருபது பேர்தான் வந்தார்கள் என்பதற்கு சர்வே பதில் சொல்லாது. ஆள் எடுக்கும் ஃபைலையும் பதவி உயர்வு ஃபைலையும் திறக்க வேண்டும். அதைத் திறக்கச் சொன்னால்தான் மீட்டிங்கே சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ரொம்ப மகிழ்ச்சியாக இருக்கும் குழுவைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்களின் பதில்களில் எல்லாக் கேள்விக்கும் 5. சம்பளத்துக்கு 5, சாப்பாட்டுக்கு 5, "எனக்கு அடிக்கடி வேலையை விட்டுப் போகத் தோன்றுகிறது" என்பதற்கும் 5! படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும்தான் இருந்தது. நிரப்பும்போது கான்ட்ராக்டரின் ஆள் பக்கத்திலேயே நின்றார். இதைக் கொண்டுபோய் "வடமாநிலத் தொழிலாளர்கள்தான் அதிகத் திருப்தியில் இருக்கிறார்கள்" என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னால் நான் எழுத மாட்டேன்.

இனிமேலாவது இப்படிச் செய்யுங்கள். எந்தெந்தப் பிரிவாகப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை சர்வே அனுப்பும் முன்பே எழுதி வையுங்கள். பார்க்கப்போகாததைக் கேட்காதீர்கள். சாதி, மதம், சொந்த ஊர் எல்லாம் எதற்கு என்று கேட்டால் "சும்மா டேட்டாவுக்கு" என்கிறார்கள். சும்மா எதையும் கேட்கக் கூடாது. வயதை 35-க்குக் கீழ், மேல் என்று கேட்டாலே போதும். சேர்ந்த தேதி வேண்டாம். பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்குத் தனி மதிப்பெண் வேண்டாம். ஐந்து போதும் என்பவர்கள் உண்டு, ஆளுக்கு ஆள் முகம் தெரியும் தொழிற்சாலையில் எனக்கு அது போதாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எத்தனை பேர் என்று போடுங்கள். எழுத்தில் வந்த கருத்துகளை யூனிட் அளவில் மட்டும் கொடுங்கள், பாலினமோ டிபார்ட்மென்ட்டோ ஒட்டாமல். ஆளுக்கொரு தனி லிங்க் அனுப்பியிருந்தால், யார் எழுதியது என்று தெரியாது என வாக்குக் கொடுக்காதீர்கள். தெரியும், வெளியே சொல்ல மாட்டோம் என்று உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் தொல்லை பற்றிய கேள்வியை எந்தப் பிரிவோடும் சேர்த்து வெட்டவே வெட்டாதீர்கள். அதில் ஏதாவது தெரிந்தால், அந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவை எப்படி அணுகுவது என்பதை எல்லோருக்கும் பொதுவாக மறுபடி சொல்லுங்கள்.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை: வயது, டிபார்ட்மென்ட், அனுபவம் எல்லாம் கேட்டு உங்களை ஒரு மூலைக்குத் தள்ளும் படிவம் வந்தால், கட்டாயமில்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். "நான் 14 வருஷமா இந்த மெஷின்ல..." என்று கருத்துப் பகுதியில் ஆரம்பிக்காதீர்கள், தயவுசெய்து.

முப்பது பேர் உள்ள கம்பெனிக்காரர்கள் எங்கள் கதி என்ன என்று கேட்பீர்கள். பிரிவுவாரி அலசலே உங்களுக்கு வேண்டாம். மொத்தமாக ஒரே எண், அப்புறம் வெளியாள் ஒருவரை வைத்து ஒவ்வொருவரோடும் அரைமணி நேரப் பேச்சு. அவர் எடுத்த குறிப்புகளை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.