மஜ்லிஸ்: 'ஆலோசனைக் குழு' என்று எழுதுகிறவர்களுக்கு

2025 ஜூன். இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை. டீக்கடைத் தொலைக்காட்சியின் அடியில் எழுத்து ஓடியது: 'ஹோர்முஸ் நீரிணையை மூட ஈரான் ஆலோசனைக் குழு ஒப்புதல்.' பக்கத்தில் பஜ்ஜியைச் செய்தித்தாளில் அழுத்தி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆலோசனைக் குழுதானே தம்பி, அவங்க சொல்லுவாங்க. கேக்கறதும் கேக்காததும் மேல இருக்கறவன் இஷ்டம்."

அவர் மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அந்த வரியை அப்படித்தான் புரிந்துகொள்வார். ஆலோசனைக் குழு என்றால் பள்ளிக்கூடத்துக்கு இருக்கும், ரயில்வேக்கு இருக்கும், கோயில் திருப்பணிக்கு இருக்கும். மாதம் ஒருமுறை கூடி, பிஸ்கட் சாப்பிட்டு, பரிந்துரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஓடிய எழுத்து குறிப்பிட்டதோ அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பக்கூடிய, 290 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து உட்காரும் ஈரான் நாடாளுமன்றத்தை, அதாவது மஜ்லிஸை. இந்த மொழிபெயர்ப்பை எத்தனையோ முறை பார்த்துப் பல்லைக் கடித்தாயிற்று. அன்றைக்குத்தான் எழுதிவிடுவது என்று தோன்றியது.

முதலில் சொல்லின் வேர். அரபியில் 'ஜலஸ' என்றால் உட்கார்ந்தான். உட்காரும் இடம் மஜ்லிஸ். ஸஜ்தா செய்யும், அதாவது தொழுகையில் நெற்றி நிலத்தில் படப் பணியும் இடம் மஸ்ஜித் ஆனது போல, அதே அச்சில் வார்த்த சொல். வளைகுடாவில் வேலை பார்த்து வந்தவர்களைக் கேளுங்கள், விருந்தாளிகளை உட்கார வைக்கும் கூடத்துக்கே அங்கே மஜ்லிஸ் என்றுதான் பெயர் என்பார்கள். காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் நடக்கும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸில் இருப்பதும் இதே சொல்தான். ஆகவே இதை நமக்கு அறிமுகமில்லாத சொல் என்று யாரும் தள்ள முடியாது. பொருளில் ஒட்டிவரும் பழந்தமிழ்ச் சொல்லும் இருக்கிறது: இருக்கை. அரசன் காலையில் கொலுவிருப்பதைச் சங்கப் பாட்டு 'நாள்மகிழ் இருக்கை' என்கிறது. இன்றைக்கு இருக்கை என்றால் பேருந்து சீட்டு ஆகிவிட்டது. அதை மீட்டு வந்து 'ஈரான் இருக்கை' என்று எழுதச் சொல்லப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

தகராறு மஜ்லிஸில் கிளம்பவில்லை. அதன் பின்னால் வரும் 'ஷூரா'வில்தான் கிளம்புகிறது. ஈரான் அவையின் முழுப்பெயர் மஜ்லிஸெ ஷூராயெ இஸ்லாமி. ஷூரா என்றால் கூடிக் கலந்து பேசுவது. தேன்கூட்டிலிருந்து தேன் எடுப்பதற்கும் அரபியில் இதே வேர். ஆளுக்கு ஆள் இருக்கும் நல்ல யோசனையை வழித்தெடுப்பதுதான் ஷூரா என்று அகராதிக்காரர்கள் முடிச்சுப் போடுவார்கள். அது உண்மையோ, வெறும் சமத்காரமோ, கேட்க இனிக்கிறது. குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்துக்கே பெயர் ஷூரா. தங்கள் காரியங்களைத் தங்களுக்குள் கலந்து முடிவு செய்கிறவர்கள் என்று அதில் வரும் வசனத்தை ஈரான் அரசியலமைப்பின் 7ஆம் பிரிவு எடுத்துக்காட்டுகிறது. நம் ஊர் ஜமாஅத்தில் 'மஷூரா பண்ணி முடிவெடுத்தோம்' என்கிறார்களே, அந்த மஷூராவும் இந்தக் குடும்பம்தான். மஷூராவில் முடிவு உண்டு என்பதைக் கவனியுங்கள். பேசிவிட்டு வேறு யாரிடமோ மனு கொடுப்பதற்கு மஷூரா என்று பேர் இல்லை.

இனி 'ஆலோசனை'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகம். 'வீட்டில் ஆலோசித்துச் சொல்கிறேன்' என்னும்போது கலந்து பேசுவது. அந்தப் பொருளில் ஷூராவுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் குழு, சபை, வாரியம் என்று எதையாவது ஒட்டிய மாத்திரத்தில் முகம் மாறிவிடுகிறது. சட்ட ஆலோசகர், மருத்துவ ஆலோசனை, ஆலோசனைக் கட்டணம்: எல்லாவற்றிலும் ஒருவர் சொல்கிறார், முடிவு இன்னொருவர் கையில். வினையாக இருக்கும்போது அதில் இருந்த 'நாம்' என்பது, பெயராகி ஒட்டிக்கொண்டதும் உதிர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத்தான் பார்த்தார், ஒட்டின பிறகு என்ன ஆகிறது என்று காது கொடுத்துக் கேட்கவில்லை.

'ஆலோசனை சபை' என்பது சரியாகப் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. சவூதி அரேபியா. அங்கேயும் மஜ்லிஸ் அஷ்ஷூரா இருக்கிறது. 1993இல் 60 பேரோடு இன்றைய வடிவில் தொடங்கி இப்போது 150 பேர். அத்தனை பேரையும் நியமிப்பவர் மன்னர். அவர்கள் கருத்துச் சொல்வார்கள், மன்னர் முடிவெடுப்பார். டீக்கடைப் பெரியவர் சொன்ன இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. இப்போது பாருங்கள், சவூதி அவைக்கும் ஈரான் அவைக்கும் ஒரே தமிழ்ப் பெயர் போட்டால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய பள்ளம் வாசகருக்கு எப்படித் தெரியும்?

இதைவிட வேடிக்கை பாகிஸ்தான். அதுவும் இஸ்லாமியக் குடியரசு. அதன் நாடாளுமன்றத்துக்கும் 1985 முதல் அரசியலமைப்பில் மஜ்லிஸெ ஷூரா என்றுதான் பெயர். ஜியாவுல் ஹக் காலத்துத் திருத்தம் அது. 'பாகிஸ்தான் ஆலோசனைக் குழுவில் அமளி' என்று எந்தத் தமிழ் நாளேடாவது எழுதி நான் பார்த்ததில்லை. பக்கத்து நாடு, பழகிய நாடு, அதனால் நாடாளுமன்றம் என்று தானாக வருகிறது. தூரத்து நாடு என்றால் அகராதி.

சொல்லைத்தானே சொல்கிறாய், போகட்டும் விடு என்று சிலர் சொல்கிறார்கள். ஈரானியர்கள் விடவில்லையே. அவர்கள் இந்தப் பெயருக்காகவே சண்டை போட்டவர்கள். 1906 கோடையில் தெஹ்ரான் வணிகர்களும் கைவினைஞர்களும் மதரஸா மாணவர்களும் ஆயிரக்கணக்கில் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் போய்த் தஞ்சம் உட்கார்ந்தார்கள். கூடாரம் அடித்து, அண்டா வைத்துச் சமைத்து, கடைவீதியே அங்கே குடிபெயர்ந்தது. கேட்டது ஓர் அவை. மன்னர் முஸஃபருத்தீன் ஷா ஆகஸ்ட் 5ஆம் தேதி ஆணை பிறப்பித்தார். அப்போது எழுந்த வாக்குவாதம், அவையின் பெயரில் 'இஸ்லாமி' என்று இருப்பதா, 'மில்லி' என்று இருப்பதா என்பது. மில்லி என்றால் தேசிய. தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மில்லிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள், கிடைத்தது. மஜ்லிஸெ ஷூராயெ மில்லி என்ற பெயரோடு அக்டோபரில் கூடிய முதல் அவை, டிசம்பரில் அடிப்படைச் சட்டத்தில் ஷாவின் கையெழுத்தை வாங்கியது. கையெழுத்துப் போட்ட சில நாட்களில் நோயாளி ஷா இறந்துபோனார்.

அவருடைய மகன் முகமது அலி ஷாவுக்கு இந்த அவையைக் கண்டாலே ஆகாது. 1908 ஜூன் 23 அன்று ரஷ்ய அதிகாரி லியாகோவின் கீழ் இருந்த கொசாக் படையை விட்டு, தெஹ்ரானின் பஹாரிஸ்தானில் இருந்த மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் இடித்தார். ஆலோசனை சொல்லும் குழுவை யாராவது பீரங்கி வைத்துத் தகர்ப்பார்களா? காதில் வாங்காமல் விட்டுவிட்டால் போதுமே. அடுத்த ஆண்டே ஷாவை விரட்டிவிட்டு அவையை மறுபடி கூட்டினார்கள். 1925இல் இந்த ஷாக்களின் காஜார் வம்சத்தையே பதவியிலிருந்து இறக்கத் தீர்மானம் போட்டதும் மஜ்லிஸ்தான், அன்றைய பிரதமர் ரெஸா கான் பின்னாலிருந்து தள்ளியதால்தான் என்றாலும். 1951 மார்ச்சில் எண்ணெயை நாட்டுடைமையாக்கும் சட்டத்தை நிறைவேற்றியதும் அதுவே. முஸாதிக் பிரதமர் ஆனது அதற்குப் பிறகுதான்.

புரட்சிக்குப் பின் 1980 மே மாதம் கூடிய அவை, பெயரிலிருந்த 'மில்லி'யை எடுத்துவிட்டு 'இஸ்லாமி'யைப் போட்டது. 1906இல் தோட்டத்தில் தோற்ற சொல் 74 ஆண்டு கழித்து வாசல் வழியாக வந்து உட்கார்ந்தது. 1989 திருத்தத்தில் அரசியலமைப்பிலும் ஏறியது. இவ்வளவு கதையைச் சுமந்து நிற்கும் பெயரை 'ஆலோசனைக் குழு' என்று சுருட்டினால் மில்லியும் போச்சு, இஸ்லாமியும் போச்சு, மன்றமும் போச்சு.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. மொழிபெயர்ப்பு அனுபவம் உள்ள நண்பர் ஒருவர் சொன்னது: "அங்கே உண்மையான அதிகாரம் உச்சத் தலைவரிடம் இருக்கிறது. நாடாளுமன்றம் என்று எழுதினால்தான் பொய். ஆலோசனை என்பது நேர்மையான சொல்."

பாதி சரி. அவை இயற்றும் ஒவ்வொரு மசோதாவும் காப்பாளர் குழுவுக்குப் போக வேண்டும். பன்னிரண்டு பேர் அதில். ஆறு மார்க்க அறிஞர்களை உச்சத் தலைவர் நியமிப்பார். மற்ற ஆறு சட்ட வல்லுநர்களை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கும். காப்பாளர் குழு இல்லாவிட்டால் மஜ்லிஸுக்குச் சட்டத் தகுதியே இல்லை என்கிறது 93ஆம் பிரிவு. வேட்பாளர்களைச் சலிப்பதும் அந்தக் குழுதான். 2004 தேர்தலில் பதவியில் இருந்த உறுப்பினர்கள் பலரையே மறுபடி நிற்க விடவில்லை. 2000 ஆகஸ்டில் பத்திரிகைச் சட்டத் திருத்தத்தை எடுக்கப் போனபோது, உச்சத் தலைவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவைத்தலைவர் கரூபி விவாதத்தை அதோடு நிறுத்திவிட்டார்.

சரி, அப்படியானால் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1981 ஜூனில் குடியரசுத் தலைவர் பனீஸதர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று வாக்களித்தது இதே அவை. மறுநாளே அன்றைய உச்சத் தலைவர் கொமைனி அவரை நீக்கினார். 2025 மார்ச்சில் பொருளாதார அமைச்சர் ஹெம்மத்தியை, வந்திருந்த 273 பேரில் 182 பேர் எதிராக வாக்களித்து நீக்கினார்கள். நம்பிக்கை வாக்கு வாங்காமல் எந்த அமைச்சரும் நாற்காலியில் நிலைக்க முடியாது. இந்த நீக்கத்துக்குப் பாரசீகத்தில் 'இஸ்திஸாஹ்' என்று பெயர். விளக்கம் கேட்பது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். அகராதியை மட்டும் பார்க்கிறவர் இதையும் 'அமைச்சரிடம் விளக்கம் கேட்பு' என்று எழுதி, வேலை போன மனிதரைப் பதவியிலேயே உட்கார வைத்துவிடுவார்.

அதிகாரம் குறைவு என்றால் அதைச் செய்தியின் உடம்பில் எழுதுங்கள். பெயர்ச்சொல்லுக்குள் விமர்சனத்தைத் திணிக்காதீர்கள். தலையாட்டும் நாடாளுமன்றங்கள் உலகில் நிறைய உண்டு, அவற்றையெல்லாம் தலையாட்டிக் குழு என்றா எழுதுகிறோம்?

தனித்தமிழ் அன்பர்கள் பக்கமிருந்தும் ஒரு யோசனை வந்தது: 'இசுலாமியச் சூழவை'. சூழ்தல் என்றால் ஆராய்ந்து எண்ணுதல், குறளில் சூழ்ச்சிக்கு அந்தப் பொருள்தான் என்று விளக்கம். உண்மைதான். ஆனால் இன்று சூழ்ச்சி என்றாலே சதி. ஈரானைப் பற்றிய செய்தியில் 'சூழவை' என்று போட்டால் வாசகர் எந்தப் பக்கம் யோசிப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 'மசுலிசு' என்று கிரந்தம் நீக்கி எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. ஜமாஅத்தார் நாள்தோறும் புழங்கும் சொல்லை அடையாளம் தெரியாமல் மாற்றி என்ன லாபம்? இதற்கு நேர் எதிர்க் கூத்து 'மஜ்லிஸ் சபை'. கேட்டுக்கதவு மாதிரி.

மொத்தத்தில் ஈரான் என்றால் நம் செய்தி அறைகளில் கைக்குக் கிடைக்கும் ஒரே சொல் சபை. மஜ்லிஸ் என்றால் ஆலோசனை சபை, காப்பாளர் குழு என்றால் பாதுகாவலர் சபை, உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் 88 அறிஞர்களின் அவை என்றால் நிபுணர் சபை. காப்பாளர் குழுவைப் 'பாதுகாப்பு கவுன்சில்' என்று எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கே கொண்டு போய்விட்டதையும் பார்த்திருக்கிறேன். அதோடு தேசியப் பாதுகாப்பு உச்ச மன்றம் என்று வேறொன்று நிஜமாகவே இருக்கிறது. எது சட்டம் செய்கிறது, எது தடுக்கிறது, எது போரை முடிவு செய்கிறது என்று வாசகர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

நான் எழுதுவது இப்படி: சாதாரணச் செய்தியில் ஈரான் நாடாளுமன்றம். இலங்கை வாசகர்களுக்கு என்றால் பாராளுமன்றம். முதல் இடத்தில் 'மஜ்லிஸ் எனப்படும்' என்று ஒட்டு, அப்புறம் வெறும் மஜ்லிஸே போதும். முழுப்பெயர் வேண்டிய இடத்தில் 'இஸ்லாமியக் கலந்தாய்வு மன்றம்'. கலந்து என்பதில் ஷூராவின் 'நமக்குள்' இருக்கிறது, மன்றம் என்பதில் கனம் இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கைக் கலந்தாய்வு நினைவுக்கு வருகிறது என்று ஒரு பையன் சிரித்தான். வரட்டும், அங்கேயும் இடம் ஒதுக்கித்தானே அனுப்புகிறார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஹோர்முஸ் விஷயத்தில் பெரியவர் சொன்னதுதான் பலித்தது. நீரிணையை மூடும் முடிவு தேசியப் பாதுகாப்பு உச்ச மன்றத்தின் கையில், மஜ்லிஸ் தன் கருத்தை மட்டுமே சொன்னது. தவறான மொழிபெயர்ப்பு, சரியான ஊகம். ஆனால் மூன்று நாள் கழித்து, ஜூன் 25 அன்று, சர்வதேச அணுசக்தி முகமையோடு ஒத்துழைப்பை நிறுத்தும் மசோதாவை அதே மஜ்லிஸ் நிறைவேற்றியது. காப்பாளர் குழு உடனே ஒப்புதல் தந்தது. ஜூலை 2 அன்று குடியரசுத் தலைவர் பெஸெஷ்கியான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அந்த வாரம் கடைக்குப் போனபோது பெரியவரிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்றது வேற சபை போல" என்றார்.