நேர்வாய்வு: 'கேஸ் ஸ்டடி'க்கு எந்தச் சொல் பொருந்தும்?

ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாக ஆராயும் முறையான 'கேஸ் ஸ்டடி'யைத் தமிழில் தனியாள் ஆய்வு, தனிநிலை ஆய்வு, நிகழ்வாய்வு, நேர்வாய்வு என்று பலவிதமாக எழுதுகிறார்கள். கணினி மொழிபெயர்ப்பைக் கேட்டால் 'வழக்கு ஆய்வு' என்று தந்து, சமூகவியல் மாணவரை நீதிமன்ற வாசலில் நிறுத்திவிடும்.

விழுதலைக் குறிக்கும் லத்தீன் வினை 'காதெரே'. அதிலிருந்து வந்த 'காசுஸ்' என்றால் விழுந்தது, அதாவது ஒருவருக்கு வந்து நேர்ந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கேஸ்' ஆன இச்சொல் மருத்துவரிடம் நோயாளியையும், நீதிபதியிடம் வழக்கையும், இலக்கணத்தில் வேற்றுமையையும் குறிக்கிறது. (பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' வேறு, அதன் வேர் 'காப்ஸா'.)

தமிழில் 'நேர்' என்ற வினைக்கும் இதே பொருள் உண்டு. 'என்ன நேர்ந்தது?' என்று கேட்கிறோமே, அதுதான். அரசாணைகளில் 'இந்நேர்வில்' என்று எழுதுவதும் இந்தப் பொருளில்தான். 'தனியாள் ஆய்வு' ஓர் ஆளோடு நின்றுவிடுகிறது. ஆனால் இம்முறையில் ஆராயப்படுவது ஒரு குடும்பமாகவோ, ஊராகவோ, தொழிற்சாலையாகவோ, வேலைநிறுத்தமாகவோ இருக்கலாம். 1855-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபிரெடெரிக் லெ ப்ளே, ஐரோப்பியத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை ஒவ்வொன்றாகப் பதிந்து வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேர்வு தனியாள் அன்று, குடும்பம். ஆகவே என் தேர்வு நேர்வாய்வு.

நேர்ந்ததை அது நேர்ந்த சூழலிலேயே வைத்துப் பார்ப்பதுதான் இம்முறையின் பலம். எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றார்கள் என்பதை அளவாய்வு (பலரிடம் கேட்டு எண்ணும் 'சர்வே') சொல்லிவிடும். வீட்டில் யாருக்கு நோய் வந்தது, கடன் எப்போது ஏறியது, பிள்ளை எந்த மாதம் வேலைக்குப் போனது என்ற வரிசை, ஒரு வீட்டை நெருங்கிப் பார்த்தால்தான் புலப்படும். நேர்காணல், நேரடிக் கவனிப்பு, ஆவணம் என்று பல சான்றுகளை ஒட்டியும் வெட்டியும் பார்க்க இதில் இடமுண்டு. 'எங்கும் இப்படித்தான்' என்ற கோட்பாட்டைச் சாய்க்க, அதற்கு மாறான ஒரே நேர்வு போதும்.

ஆனால் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது இங்கே செல்லாது. சோறு முழுவதும் ஒரே உலையில் வெந்தது; சமூகம் அப்படியன்று. ஓர் ஊரில் கண்டதை எல்லா ஊர்களுக்கும் நீட்ட முடியாது. ஒரே நேர்வை ஒருமுறை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு அறிவியல் மதிப்பு அநேகமாக இல்லை என்று ஆய்வுமுறை அறிஞர்கள் டொனால்ட் கேம்பெலும் ஜூலியன் ஸ்டான்லியும் 1963-இல் எழுதினார்கள். அதே கேம்பெல் 1975-இல் தம் கருத்தைத் தளர்த்திக்கொண்டார்: ஒரு நேர்வுக்குள்ளேயே ஒரு விளக்கத்தைப் பல இடங்களில் உரசிப் பார்க்க முடியும் என்றார். நேர்வாய்வில் பொதுமைப்படுத்துவது கோட்பாட்டை நோக்கித்தான், மக்கள்தொகை முழுவதையும் நோக்கியன்று என்கிறார் இம்முறை பற்றி நூல் எழுதிய ராபர்ட் யின். இது முழுப் பதில் ஆகிவிடாது என்றாலும், எண்ணிக்கையை மட்டும் வைத்து இம்முறையைத் தள்ளுவோருக்குப் போதும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறு. முடிவை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு வாகான நேர்வைத் தேடிப் பிடிப்பது மிக எளிது. மாதங்கள் பழகிய பிறகு ஆய்வாளர் தகவல் தந்தவர்களின் கண்ணாலேயே பார்க்கத் தொடங்குவதும் உண்டு. தகவல் தந்தவர்களின் அடையாளத்தை மறைப்பதும் சிக்கல்தான். ஊர்ப்பெயரை மாற்றி அச்சிட்டாலும், அந்த ஊர்க்காரர் இரண்டு பக்கம் படித்ததுமே யார் யாரென்று சொல்லிவிடுவார்.