லினக்ஸ் லேப்டாப்பில் வந்து வந்து போகும் சத்தம்

பாட்டு முழுதும் ஒழுங்காகக் கேட்கும். ஆனால் சிறிது நேரம் சும்மா விட்டபின் வரும் அறிவிப்பு மணியில் முதல் பாதி காணாமல் போகும். சில லேப்டாப்களில் 'டப்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். டிரைவர் கெட்டுவிட்டது என்று சிஸ்டத்தையே மறுபடி நிறுவுபவர்கள் உண்டு. வீண் வேலை. பெரும்பாலும் கெட்டது எதுவும் இல்லை. ஒலிச் சிப் தூங்கி எழுகிறது.

இந்தத் தூக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. லினக்ஸில் ஒலியைக் கையாளும் சேவையான பைப்வயரை நிர்வகிக்கும் வயர்ப்ளம்பர், ஒலி நின்று 5 நொடி ஆனதும் ஒலிக்கருவியை மூடிவிடும். மூடிய பிறகுதான் கெர்னலில் உள்ள எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் டிரைவர் நேரத்தை எண்ணத் தொடங்கும். அதன் பவர்_சேவ் மதிப்பு 10 என்றால், மேலும் 10 நொடியில் கோடெக் எனப்படும் அந்த ஒலிச் சிப் மின்சேமிப்பு நிலைக்குப் போகும். அடுத்த ஒலி வரும்போது சிப் விழிக்க வேண்டும், ஆம்ப்ளிஃபயரின் மின்னழுத்தம் நிலைபெற வேண்டும். மணியின் தலை வெட்டுப்படுவது அந்த இடைவெளியில்தான். மின்னழுத்தம் திடீரென்று மாறுவதால் வருவது 'டப்'.

சோதிப்பது எளிது. ஒரு குறுகிய ஒலியை 2 நொடிக்கு ஒரு முறையும், பிறகு அரை நிமிடத்துக்கு ஒரு முறையும் ஒலிக்கவிடுங்கள். இரண்டாவதில் மட்டும் வெட்டு விழுந்தால் காரணம் தூக்கமே. சிஸ் கோப்பகத்தில், அந்த டிரைவரின் பாராமீட்டர்ஸ் பகுதியில் உள்ள பவர்_சேவ் கோப்பில் ரூட்டாக (நிர்வாகி உரிமையுடன்) 0 எழுதினால் உடனே பலன் தெரியும். ஆனால் ரீபூட் வரைதான் நிற்கும். நிரந்தரமாக்க, அதே மதிப்பை மாட்ப்ரோப்.டி கோப்பகத்தில் உள்ள ஒரு கோப்பில் ஆப்ஷன்ஸ் வரியாகச் சேர்க்க வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்தும் டிஎல்பி கருவியை நிறுவியிருந்தால் அது உங்கள் 0-வை மேலெழுதிவிடும். சார்ஜர் செருகினால் ஒரு மாதிரி, பிடுங்கினால் ஒரு மாதிரி என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதன் அமைப்புக் கோப்பிலேயே மாற்றுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்.

சத்தம் முழுதாகவே நின்றுபோனால் கதை வேறு. பாட்டை ஓடவிட்டபடியே ப்ரோக் கோப்பகத்தின் அசவுண்ட் பகுதியில், உங்கள் கார்டின் பிசிஎம்0பி, சப்0 என்று போய் ஸ்டேட்டஸ் கோப்பைப் படியுங்கள். 'ரன்னிங்' என்று இருந்து, ஹெச்டபிள்யூ_பிடிஆர் எண் ஒவ்வொரு முறையும் ஏறினால் தரவு சிப் வரை போகிறது. அப்போது டெர்மினலில் ஓடும் ஒலியளவுக் கருவியான அல்சாமிக்சரில் ஆட்டோ-மியூட்டைப் பாருங்கள்; ஹெட்போன் செருகியிருப்பதாக ஜாக் தவறாகச் சொன்னாலும் ஸ்பீக்கர் ஊமையாகும். அல்சாமிக்சரில் எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இது கண்ணில் படாமலே போகலாம். ஸ்டேட்டஸ் 'க்ளோஸ்ட்' என்றால் சிக்கல் மேலே: ஒலி ஹெச்டிஎம்ஐ பக்கம் போயிருக்கலாம், அல்லது பைப்வயர் சிக்கியிருக்கலாம். சிக்கியிருந்தால், பயனர் கணக்கிலேயே பைப்வயரையும் வயர்ப்ளம்பரையும் ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஒலி அமைப்புகளில் 'டம்மி அவுட்புட்' மட்டும் தெரிகிறதா? ஒலிக் கார்டே கிடைக்கவில்லை. விண்டோஸும் உள்ள லேப்டாப் என்றால் அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட்டவுன் செய்து பாருங்கள். புதிய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றுக்கு சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் தேவை. டெபியனில் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட், ஃபெடோராவில் அல்சா-எஸ்ஓஎஃப்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பை நிறுவுங்கள். டிஎஸ்பி_டிரைவர் மதிப்பை 1 ஆக்கிப் பழைய டிரைவருக்கு மாறும் குறுக்கு வழியும் உண்டு. பல மாடல்களில் ஸ்பீக்கர் பேசும், ஆனால் டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் தனிச் செயலி) வழியாக இணைந்த உள் மைக் உள்ள மாடல்களில் அந்த மைக் வேலை செய்யாது.