பையைப் பட்டினி போடும் வலை

மூளைத் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து பை போலப் புடைப்பதுதான் அன்யூரிசம். ஸ்டென்ட் என்றதும் அடைபட்ட குழாயைத் திறந்து வைப்பது நினைவுக்கு வரும். இங்கே அதன் வேலை வேறு. பையின் வாயில் வலையாக நின்று, உள்ளே பாயும் ரத்தத்தை மட்டுப்படுத்த வேண்டும். தேங்கிய ரத்தம் உறையும். நாளடைவில் வலையின் மேல் புதிய உட்சுவர் படரும்.

அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்ற பைப்லைன் ஸ்டென்ட், தலைமுடியைவிட மெல்லிய 48 உலோக இழைகளின் பின்னல். சுவர்ப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத்தான் உலோகம் மூடுகிறது. பிறகு, அதே வலை குறுக்கே கிடந்தும் கிளைத் தமனிகள் பெரும்பாலும் ஏன் அடைபடுவதில்லை? கிளையின் மறுமுனையில் அழுத்தம் குறைவு. ரத்தம் வலையைத் தாண்டி இழுபட்டுப் போகும். பைக்கோ மறுமுனையே இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க, நோயாளியின் ஸ்கேனிலிருந்து தமனியைச் சிலிக்கோனில் வார்க்கிறார்கள். வெறும் தண்ணீர் ஓடினால் ஒளி விலகி, உட்சுவர் கோணல்மாணலாகத் தெரியும். கிளிசரினைச் சரியான விகிதத்தில் கலந்ததும் சுவரே கண்ணுக்கு மறைந்துவிடும்.  இதயம்போல் துடிக்கும் பம்ப் அந்தக் கலவையைச் செலுத்த, மிதக்கும் நுண்துகள்கள் மீது தகடு போன்ற லேசர் ஒளி இருமுறை மின்னும். இரண்டு படங்களுக்கிடையே துகள் நகர்ந்த தூரமே வேகக் கணக்கு. ஸ்டென்ட் வைப்பதற்கு முன் பைக்குள் உருளும் சுழல், வைத்தபின் சோம்பிப்போவது திரையில் தெரியும்.

இயந்திரச் சோதனைகள் இத்தனை அழகில்லை. கேமராவின் துளைபோல் சுருங்கும் தகடுகளுக்கு நடுவே ஸ்டென்டை நெருக்கி, அது வெளிநோக்கித் தள்ளும் விசையை அளக்கிறார்கள். நிட்டினால் எனும் நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகக் கம்பியென்றால், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸ் கட்டாயம். அந்த உலோகத்தின் குணம் வெப்பத்தோடு மாறும். ஸ்டென்ட் ஆண்டுக்கணக்கில் துடிப்பைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். பத்தாண்டு நாடித்துடிப்பு என்பது ஏறத்தாழ 40 கோடி. நொடிக்கு 50 துடிப்பு கொடுத்தால் மூன்று மாதத்தில் முடியும்.

என் கணிப்பில், ஓட்டச் சோதனையையும் இயந்திரச் சோதனையையும் தனித்தனியாகப் படிப்பதில்தான் ஆபத்து. பின்னல் வளைந்தால் வெளிவளைவில் துளைகள் அகலும், உள்வளைவில் நெருங்கும். பையின் வாயோ பல நேரம் வெளிவளைவில்தான் இருக்கும். மருத்துவர் விரிக்கும்போது சற்றே தள்ளிக் கொடுத்தால் இழைகள் நெருங்கும், இழுத்தால் விலகும். ஒரே ஸ்டென்ட், ஒரே சிலிக்கோன் தமனி, இரண்டு கைகள், இரண்டு விதமான ஓட்டம். அதனால் பம்பை முடுக்குமுன், விரிந்த வலையைப் படமெடுத்துப் பையின் வாயில் உலோகம் எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளந்து வைத்துக்கொள்வது நல்லது.