கூரையிலிருந்து வந்த புகை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தெரு. நல்ல மழை பெய்தால் போதும், கடைசி வீட்டுக்குப் பின்னால் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு சாக்கடை பொங்கும். சரிவில் இறங்கி உம்ஹ்லதுசானா ஆற்றில் கலக்கும். குழாய் அடைத்திருக்கிறது என்று தெருவே சொன்னது. கேமரா விட்டுப் பார்த்தோம். அடைப்பே இல்லை.

அப்புறம் புகை விட்டோம். மேன்ஹோலுக்குள் புகையை ஊதினால், அந்தக் குழாயோடு எதெல்லாம் இணைந்திருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். கழிப்பறையின் காற்றுக்குழாயில் வந்தால் சரி. இங்கே பல வீடுகளில் கூரைத்தண்ணீர் இறங்கும் குழாயிலிருந்து வந்தது. "தம்பி, வீடு பத்திக்கிச்சா?" என்று ஓர் ஆயா வாசலுக்கு ஓடிவந்தார்.

டர்பனில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். ஆனால் வீட்டை நீட்டிக் கட்டி, முற்றத்துக்கு சிமென்ட் போடும்போது, பக்கத்தில் இருக்கிற சாக்கடை வாயிலேயே கூரைத்தண்ணீரையும் விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 5,000 லிட்டர். நாலு பேர் இருக்கும் வீட்டின் ஒரு நாள் கழிவுநீர் ஆயிரம் லிட்டர்கூட வராது. குழாயை அந்த அளவுக்குத்தான் போட்டிருக்கிறார்கள்.

வழியில் பொங்காமல் சுத்திகரிப்பு நிலையம் வரை போனாலும் தொல்லைதான். அங்கே அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைப்பவை நுண்ணுயிர்கள். வெள்ளம்போல மழைநீர் புகுந்தால் அவற்றையே அடித்துக்கொண்டு போய்விடும். அந்தக் கூட்டம் மறுபடி வளர நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை அரைகுறையாகச் சுத்தமான தண்ணீர்தான் ஆற்றுக்கு.

எல்லாப் பழியையும் வீடுகள் மேல் போட நான் தயாரில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பம்ப் நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சிதைந்தன. கடற்கரைகளை மூட வேண்டிவந்தது. அதே ஆண்டு வந்த கிரீன் டிராப் அறிக்கை (கழிவுநீர் அமைப்புகளை அரசு மதிப்பிடும் அறிக்கை), நாடு முழுக்க 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள் மிக மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னது. அதற்கு ஆயா வீட்டுக் கூரை என்ன செய்யும்? (தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றுவதைப் பற்றி மட்டும் அவரிடம் தனியாகப் பேசினேன். அது குழாய்க்குள் மெழுகாக உறைந்துவிடும்.)

ஆயாவின் சின்ன வயதில் காவடிக்கு ஆற்றில்தான் குளிப்பார்களாம். இப்போது கோயில் குழாயடியில்தான்.

"இந்தக் கூரைக் குழாயை மாத்த எவ்வளவு ஆகும்?" என்று ஆயா கேட்டார்.

"ஒரு வளைவு, ரெண்டு மீட்டர் குழாய், பிளம்பருக்கு அரைநாள் கூலி."

"அவ்வளவுதானா?" என்றவர், உள்ளே திரும்பி மகனைக் கூப்பிட்டார்.