கலர் மாத்துற தீமுக்கு கோடு எதுக்குப்பா?

போன மாசம் டீம்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன்கூட உக்காந்து ஒரு பக் பாத்துட்டிருந்தேன், அவன் லேப்டாப்ல விஎஸ் கோடு (புரோகிராம் எழுதுற எடிட்டர்) திறக்கவே டீ குடிச்சிட்டு வந்துடலாம் போல, அவ்ளோ நேரம். சரி உள்ள என்னதான் ஓடுதுன்னு கமாண்ட் பேலட்ல (கட்டளை அடிக்கிற பெட்டி) 'ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்' போட்டா, இப்ப ஓடிட்டிருக்கிற எக்ஸ்டென்ஷன் (எடிட்டருக்கு நாம சேத்துக்கிற துணை புரோகிராம்) லிஸ்ட்ல அவன் போட்டிருந்த டார்க் தீமும் நிக்குது.

"அது வெறும் கலர்தானேண்ணா"ன்னான்.

அதான் எனக்கும் உறுத்துச்சு. கலர் தீம்னா எந்த எழுத்துக்கு எந்த நிறம்னு சொல்ற ஒரு ஜேசான் ஃபைல் (வெறும் விவரம் எழுதுன ஃபைல்) போதும், ஓடுறதுக்கு அதுல கோடு, அதாவது புரோகிராம், ஒண்ணுமே கிடையாது. ஹோம் ஃபோல்டர்ல டாட் விஎஸ்கோடுக்குள்ள எக்ஸ்டென்ஷன்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், போட்டதெல்லாம் அங்கதான் கிடக்கும். இந்த தீமோட பேக்கேஜ் ஜேசானைத் திறந்தா, எந்த கோடு ஓடணும்னு சொல்ற 'மெயின்'னு ஒரு வரி, அது காட்டுற ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்தா மொத்தமும் ஒரே வரியா பின்னி வச்சிருக்கு, ஒண்ணும் புரியல. அதுக்காக அது திருட்டு கோடுதான்னு அடிச்சு சொல்லமாட்டேன், செட்டிங்ஸ் மாத்தவோ அப்டேட் வந்தா ஒரு பக்கம் காட்டவோ சில நல்ல தீம்லயும் கோடு வச்சிருப்பாங்க. ஆனா படிக்க முடியாத ஒண்ணை ஒரு கலருக்காக ஏன் வச்சுக்கணும்?

போன்ல ஆப் போட்டா கேமரா வேணுமா கான்டாக்ட் வேணுமான்னு தனித்தனியா கேக்கும்ல, இங்க அந்தப் பேச்சே இல்ல. எக்ஸ்டென்ஷன் ஓடுறது உங்க யூசர்ல, உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கோ அதுக்கும் அதே, ரகசியங்களை எழுதி வைக்கிற டாட் என்வி ஃபைல், சர்வருக்குள்ள நுழையுற எஸ்எஸ்எச் கீ, கிளவுட் பாஸ்வேர்டு எல்லாத்தையும் படிக்கலாம், நெட்ல எங்க வேணா அனுப்பலாம். 2025 ஜனவரி வெர்ஷன்ல இருந்து புது பப்ளிஷரோடதை (எக்ஸ்டென்ஷனை வெளியிடுறவர்) போட்டா 'இவரை நம்புறீங்களா'ன்னு ஒரு டப்பா வருது, நாமதான் படிக்காமயே அமுக்கிடுறோமே.

பப்ளிஷர் பேருக்குப் பக்கத்துல நீல டிக் இருக்கேம்பாங்க. பப்ளிஷர் காட்டுற டொமைன் அவரோடதுதான்னு அந்த டிக் சொல்லும், கோடு சுத்தமான்னு சொல்லாது. பேரும் ஏமாத்தும். அக்வா செக்யூரிட்டிங்கிற பாதுகாப்பு கம்பெனி ஆளுங்க சோதனைக்காக, கோடை அழகா அடுக்கித் தர்ற பிரிட்டியர்ங்கிற எக்ஸ்டென்ஷன் மாதிரியே ஒண்ணு செஞ்சு பப்ளிஷர் பேர்ல 'b'ங்கிற ஒரு இங்கிலீஷ் எழுத்தை மட்டும் 'p'ன்னு மாத்திப் போட்டாங்க, 48 மணி நேரத்துக்குள்ள ஆயிரம் பேருக்கு மேல இன்ஸ்டால் பண்ணிட்டாங்க. 2023 தொடக்கத்துல அதை எழுதியிருந்தாங்க. அதனால நான் தேடல் பெட்டியில பேரை அடிக்கிறதில்ல, அந்த டூலோட சொந்த சைட்டுக்குப் போய் அங்க இருக்கிற லிங்க்லதான் போறது.

இன்னொண்ணு, இன்னைக்கு நல்லா இருக்கிறது நாளைக்கு கை மாறலாம், ஆட்டோ அப்டேட்ல சத்தமில்லாம புதுசு இறங்கிடும். எல்லா லேப்டாப்லயும் ஒரே அமைப்பை வைக்கிற செட்டிங்ஸ் சிங்க் ஆன்ல இருந்தா வீட்டு லேப்டாப்ல விளையாட்டா போட்டது ஆபீஸ் லேப்டாப்லயும் வந்து உக்காந்துக்கும், தம்பிக்கு நடந்தது அதுதான்.

பல எக்ஸ்டென்ஷன் இப்ப தேவையே இல்ல. பிராக்கெட்டுக்கு கலர் குடுக்கிறது 2021லயே எடிட்டருக்குள்ள வந்துடுச்சு, அவன் இன்னும் அதுக்குத் தனியா ஒண்ணு வச்சிருந்தான்.

சந்தேகம்னு வந்துட்டா அன்இன்ஸ்டால் மட்டும் பத்தாது, படிச்சிட்டுப் போனது போனதுதான், கீயை எல்லாம் மாத்தியாகணும். அன்னைக்கு சாயங்காலம் தம்பிக்கு அதான் வேலை, கிட்ஹப் டோக்கன் (கோடு வைக்கிற சைட்டுக்கான சாவி), எஸ்எஸ்எச் கீ, மூணு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, முடிக்கிறப்ப எட்டரை மணி. தீம், எடிட்டரோடயே வர்ற டார்க்குக்கு மாறிட்டான்.